குதிரையோடுதான் வேலை என்றால்: எந்தப் படிப்புக்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை "நான் குதிரைகளோடுதான் வேலை பார்க்கப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் சிரிப்பார்கள். பிள்ளை பிடிவாதமாக இருந்தால் அப்புறம் போனை எடுத்துத் தேடுவார்கள். வந்து நிற்பவை பெரும்பாலும் இங்கிலாந்துக் கல்லூரிகளின் விளம்பரங்கள். பச்சைப் புல்வெளி, தலைக்கவசம் போட்ட ஒரு மாணவி, பக்கத்தில் தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் குதிரைக்கென்றே ஓர் இளநிலைப் பட்டம் இல்லை. அதனால் வெளிநாடுதான் ஒரே வழி என்று நினைத்து, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்கள் உண்டு. அது ஒரே வழி இல்லை. பலருக்கு அது நல்ல வழியும் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைத் துறையில் ஒரு படிப்பை எடைபோட இரண்டு கேள்வி போதும். முடித்தபின், மற்றவர்கள் சட்டப்படி செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்யும் உரிமை கிடைக்குமா? அது இல்லையென்றால், எந்த ஊருக்குப் போனாலும் சோறு போடுகிற கைத்தொழில் ஒன்று தங்குமா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால் கஷ்டப்பட்டாவது படிக்கலாம். இரண்டுக்குமே 'இல்லை' என்றால், கையில் உபரியாகப் பணம் இருக்கிறவர்கள் ஆசைக்குப் படிக்கட்டும். கடன் வாங்கிப் படிக்க வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்தத் துறையின் அளவு. 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012-ல் 6.25 லட்சம் இருந்தன. ஏழு ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. அதே 2019 கணக்கில் மாடுகள் 19 கோடிக்கு மேல். வண்டி இழுப்பது, சுமை தூக்குவது என்று குதிரை செய்துவந்த வேலைகளை மோட்டார் எடுத்துக்கொண்டது. இப்போது சம்பளம் தருகிற வேலை ஒரு சில இடங்களில்தான் இருக்கிறது: ரேஸ்கோர்ஸ், பந்தயக் குதிரைகளை வளர்க்கும் பண்ணைகள், ராணுவம், போலீஸின் குதிரைப்படை, சவாரிப் பள்ளிகள், பாம்புக்கடி மருந்துக்கான குதிரைகளை வைத்திருக்கும் நிறுவனங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்தால் நம் ஊரில் குதிரைப் பித்துப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 2023 கணக்குப்படி சுமார் 66 லட்சம் குதிரைகள். ஒரு நாட்டில் அத்தனை குதிரை இருந்தால் அதைச் சுற்றித் தனித்தனிப் படிப்புகள் முளைப்பது இயல்பு. அந்தப் படிப்புகளை அந்த நாட்டுச் சந்தையை விட்டுப் பிரித்து, பட்டத்தை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவரும்போதுதான் சிக்கல்.

கால்நடை மருத்துவம்

மதிப்பெண் வரும் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு நேரடிப் பயிற்சி. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் உள்ள கல்லூரிகளும் 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மாநில இடங்களுக்கு நீட் இல்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. பொதுப் பிரிவில் கட்-ஆஃப் ரொம்ப உயரத்தில் நிற்கும். ஆனால் உள்ளே போய்விட்டால் கட்டணம் வீட்டை விற்கச் சொல்லாது.

1984-ன் இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை தொழில் செய்யலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இந்தியாவில் முழு 'ஆமாம்' சொல்கிற படிப்பு இது ஒன்றுதான். ரேஸ் நடக்கிறதோ இல்லையோ, பண்ணை கைமாறுகிறதோ இல்லையோ, இந்த உரிமை போகாது. குதிரை வேலை கிடைக்காத ஆண்டில் மாட்டையும் நாயையும் பார்த்து வாழலாம். வேறு எந்த வழியிலும் இந்தத் தற்காப்பு இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தில் குதிரை ஒரு பகுதிதான். மாடு, எருமை, ஆடு, கோழி, நாய், பூனை எல்லாம் முடித்து மிஞ்சும் நேரத்தில்தான் குதிரை. குதிரையின் கால் பக்கம் ஒருமுறைகூட நெருங்கிப் பழகாமல் பட்டம் வாங்கிவிட முடியும். ஆகவே குதிரை மருத்துவராக வேண்டும் என்றால் அந்தப் பழக்கத்தை நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும். வேப்பேரிக் கல்லூரியில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவு உண்டு. சவாரியும் லாய வேலையும் காசில்லாமல் கற்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. முதலாண்டிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி மருத்துவமனைக்கு வருகிற குதிரைக் கேஸ் ஒன்றையும் விடக் கூடாது, ராத்திரியில் வருகிறவற்றை முக்கியமாக.

ஏன் ராத்திரி என்றால், குதிரைக்கு வரும் பெரிய ஆபத்து வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் எது சிக்கினாலும், காற்று நிறைந்தாலும் மேல் வழியாக வெளியேறாது. சில மணி நேரத்தில் உயிர் போகிற அளவுக்குப் போய்விடும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வதும், எந்தக் குதிரையை அறுவை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்ற இடத்தில் முடிவெடுப்பதும் புத்தகத்தில் கிடைக்காத அறிவு. அது தெரிந்த மருத்துவர் இங்கே குறைவு என்பதால் தெரிந்தவருக்கு மதிப்பு.

வேலை எங்கே? ரேஸ் கிளப்புகள், தனியார் பண்ணைகள், ஹிசாரில் 1985-ல் தொடங்கிய தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம், அதன் பிகானேர் கிளை. ராணுவத்தின் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவான ரீமவுண்ட் வெட்டரினரி கோர், கால்நடை மருத்துவப் பட்டதாரிகளை நேரடியாகக் கேப்டன் தரத்தில் எடுக்கிறது. இதன் பயிற்சி மையம் மீரட்டில். ஆனால் அங்கே போனால் குதிரை மட்டும்தான் என்று கனவு காண வேண்டாம். மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளும் மோப்ப நாய்களும் அதே அளவு, சில சமயம் அதைவிட அதிகமாக உங்கள் பொறுப்பில் வரும்.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: பாம்புக்கடி மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்திலிருந்து பிரித்துத்தான் இந்தியாவில் மருந்து செய்கிறார்கள். விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மருந்து நிறுவனங்கள் மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் பெரிய குதிரைக் கூட்டங்களை வைத்திருக்கின்றன. அந்தக் குதிரைகளுக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். சவாரிக்கும் பந்தயத்துக்கும் இருக்கிற கவர்ச்சி இந்த வேலைக்கு இல்லை, ஆனால் மாதச் சம்பளம் உண்டு. தடுப்பூசி செய்யும் சீரம் இன்ஸ்டிடியூட்டே 1966-ல் பூனாவாலா குடும்பத்தின் பந்தயக் குதிரைப் பண்ணையிலிருந்து பிறந்ததுதான்: ஓய்வு பெற்ற குதிரைகளை மருந்துக்காக ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், நாமே மருந்து செய்தால் என்ன என்று யோசித்தார்கள்.

ஜாக்கி

இதற்குக் கல்லூரி இல்லை, தராசுதான் உண்டு. புனே, பெங்களூரு, ஹைதராபாத் ரேஸ் கிளப்புகள் பயிற்சி ஜாக்கிகளை எடுத்து வளர்க்கின்றன. பந்தயத்தில் ஜாக்கியும் சேணமும் சேர்ந்து 50 கிலோவை ஒட்டி நிற்க வேண்டிய நாட்கள் நிறைய வரும். ஆகவே மெலிந்த, குள்ளமான பதின்வயதுப் பையன்களைத்தான் தேடுவார்கள். ப்ளஸ் டூ முடித்து, 65 கிலோவில் நிற்கிற ஒருவர் இந்தக் கதவைத் தட்டுவதில் அர்த்தமில்லை. சேருகிற வயதில் ஒல்லியாக இருந்தவன் இரண்டு வருடத்தில் திடீரென்று உயர்ந்துவிட்டால் ஜாக்கி கனவு அத்துடன் சரி. அப்போது பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றிருக்கும். காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் ரைடிங் பாயாகவோ, லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸாகவோ தங்கிவிடுகிறவர்கள் பலர். கேவலமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, சின்னச் சம்பளத்துக்கு, உதைக்கும் கடிக்கும் பயந்து வாழ்கிற வேலை.

தொழிலின் தரையும் ஆடுகிறது. தமிழ்நாடு அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. இது சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னபின் பந்தயம் தப்பித்தது. ஆனால் 2024 ஜூனில் ஊட்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ்கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து முத்திரையும் வைத்தது. பந்தயப் பணத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. இவை நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். பதினைந்து வயதுப் பையனின் இருபது வருட வாழ்க்கையை இந்தத் தொழிலில் வைக்கலாமா என்று கேட்டால், பள்ளிப் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளும் கிளப் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள் என்பேன். இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டிலும் டான்காஸ்டரிலும், அயர்லாந்தில் கில்டேரிலும் பந்தய வேலைக்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. அவை அந்த நாட்டு லாயங்களுக்கு ஆள் தயார் செய்ய ஏற்பட்டவை.

லாடத் தொழில்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். லாடம் போட்ட குதிரையாக இருந்தால் சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் இல்லாத குதிரைக்கும் சீவல் உண்டு. பந்தயக் குதிரைக்கு எடை குறைந்த அலுமினிய லாடம். தடை தாண்டும் குதிரைக்கு வேறு மாதிரி. குளம்பு நோய் வந்த குதிரைக்கு மருத்துவரோடு சேர்ந்து உட்கார்ந்து, எக்ஸ்ரே பார்த்து, கோணம் கணக்கிட்டு அடிக்க வேண்டும். சீவலில் சின்னக் கோணல் இருந்தால் முதலில் நடை மாறும், அப்புறம் மூட்டு கெடும், கடைசியில் குதிரையே பயன்படாமல் போகும். பல லட்சம் கொடுத்து வாங்கிய குதிரையை வைத்திருப்பவர் நல்ல லாடக்காரரை இன்னொரு பண்ணைக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். போக்குவரத்துச் செலவும் கொடுத்து வரவழைப்பார். குதிரை இருக்கும்வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருமானம். மழைக்காலம், சீசன் என்று அதில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது.

இங்கிலாந்தில் இது சட்டம் காக்கும் தொழில். 1975-ன் லாடத் தொழிலாளர் பதிவுச் சட்டப்படி, பதிவு இல்லாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது அங்கே குற்றம். நான்கு ஆண்டு, அங்கீகாரம் பெற்ற ஒரு லாடக்காரரிடம் வேலை பார்த்துக்கொண்டே, இடையிடையே மயர்ஸ்கோ, ஹியர்ஃபோர்ட் போன்ற கல்லூரிகளில் வகுப்புக்குப் போய், தேர்வு எழுதித்தான் பதிவு பெற முடியும். அது சம்பளம் வாங்கிக்கொண்டு கற்கும் பயிற்சி. கட்டணம் கட்டிச் சேருகிற படிப்பு அல்ல என்பதால் நம் ஊர் மாணவர் விசாவில் போய் அதில் சேருவது நடக்காது. அங்கே வாழும் உரிமையுள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். அமெரிக்காவில் உரிமச் சட்டம் இல்லை. அதனால் குறுகிய படிப்புகள் அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே 16 வார லாடப் பயிற்சி நடக்கிறது. ஒரு வகுப்புக்கு மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள்.

இந்தியாவில்? ராணுவத்தின் ரீமவுண்ட் கோர் தன் தேவைக்கு லாடக்காரர்களைப் பயிற்றுவிக்கிறது. செங்கல் சூளைக் குதிரைகளும் கழுதைகளும் நிறைந்த வட மாநிலங்களில் புரூக் இந்தியா அமைப்பு உள்ளூர் லாடக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறது. மற்றபடி குருகுலம்தான். ரேஸ்கோர்ஸ், பண்ணை, சவாரிப் பள்ளி எதிலாவது கைதேர்ந்த ஒருவரிடம் இரண்டு மூன்று வருடம் ஒட்டிக்கொண்டு கற்பது. சான்றிதழ் வராது. கை வரும்.

பெற்றோர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். "லாடம் அடிக்கவா இவ்வளவு படிக்க வைத்தேன்?" உலைக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு நம் சமூகம் கொடுத்துவைத்திருக்கிற இடம் அப்படி. குனிந்தே வேலை செய்வதால் முதுகு போகும், உதை வாங்குவதும் நிச்சயம். இதெல்லாம் உண்மை. ஆனால் உடற்கூறு தெரிந்த, ஆங்கிலத்தில் மருத்துவரோடு பேசத் தெரிந்த, எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த ஒரு லாடக்காரருக்குத் தென்னிந்தியாவில் போட்டியே கிடையாது என்பதும் உண்மை. கால்நடை மருத்துவத்துக்கு ஐந்து மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைக்கு, ஏதோ ஒரு பட்டத்தை விட இது மேல்.

சவாரிப் பயிற்சியாளர்

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் அணி (குதிரையைக் கட்டுப்பாட்டோடு நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். அதற்கு முன்பே பெங்களூருவின் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்ஸா 2018-ல் ஆசிய விளையாட்டு வெள்ளியும், டோக்கியோ ஒலிம்பிக்கில் இடமும் பெற்றிருந்தார். அதற்குப் பிறகு சவாரிப் பள்ளிகளில் சேருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு கணக்கைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. போட்டியில் ஓடுகிறவர் செலவு செய்கிறவர், சொல்லிக்கொடுக்கிறவர்தான் சம்பாதிக்கிறவர். அந்தத் தங்கத்துக்குப் பின்னால் ஐரோப்பாவில் பல வருடப் பயிற்சியும் அதற்குத் தாங்கும் குடும்பப் பணமும் இருந்தன. விளையாட்டு வீரராக வேண்டும் என்றால் அது வேறு கட்டுரை.

பயிற்சியாளர் வேலைக்கு இந்தியச் சவாரிப் பள்ளிகள் நெடுங்காலமாக எடுத்துவருவது முன்னாள் ராணுவத்தினரைத்தான். ஜெய்ப்பூரில் உள்ள 61-வது குதிரைப்படை போன்ற பிரிவுகளில் இருபது வருடம் குதிரை மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவரோடு, மூன்று வருடப் பட்டத்தோடு வருகிறவர் போட்டி போட வேண்டியிருக்கும். சான்றிதழ் வேண்டும் என்றால் பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் படிநிலைத் தேர்வுகள் உண்டு: ஒன்று முதல் ஐந்து வரை, ஒவ்வொரு படியாக ஏறலாம். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் பயிற்சியாளர் நிலைகளும் இந்தியாவில் மதிக்கப்படுகின்றன. இவற்றின் நல்ல குணம், வேலை பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஒரு பட்டத்துக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கு போதும். பெங்களூரு விமான நிலையம் பக்கம் 1996-லிருந்து நடக்கும் எம்பசி சவாரிப் பள்ளி மாதிரி பெரிய இடத்தில் உதவியாளராகச் சேர்ந்து படிகளைத் தாண்டுவது, மூன்று வருடம் இங்கிலாந்தின் கிளவுஸ்டர்ஷயரில் உட்கார்ந்து படிப்பதைவிட எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

வெளிநாட்டுப் பட்டம்

விளம்பரத்தில் வருகிற அதே படிப்புக்கு இப்போது வருவோம். கிளவுஸ்டர்ஷயரில் உள்ள, 2018-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஹார்ட்பரி இதில் பெரிய பெயர். குதிரை அறிவியல், குதிரை வணிகம், மறுவாழ்வுச் சிகிச்சை என்று பல பட்டங்கள். வசதிகள் பிரமாதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: குதிரை அறிவியல் படித்தவர் கால்நடை மருத்துவர் அல்ல. இங்கேயும் அல்ல, அங்கேயும் அல்ல. ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் மட்டுமே 15 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும். சாப்பாடு, வாடகை தனி. மூன்று வருடம் முடித்தால் அந்த நாட்டில் லாய மேலாளர், தீவன நிறுவன விற்பனை, ஆராய்ச்சி உதவியாளர் போன்ற வேலைகள். பெரும்பாலானவற்றின் சம்பளம் விசாவுக்கான வரம்பையே எட்டாது. திரும்பி வந்தால், இங்கே அந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கிற நாற்காலி எதுவும் இல்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் 'இல்லை'.

அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில் 1987-லிருந்து குதிரைத் தொழில் படிப்பு நடக்கிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியலும் மேலாண்மையும் சேர்ந்த பட்டம். அரிசோனாவில் பந்தயத் தொழில் மேலாண்மை. இவை கொஞ்சம் வேறு. லூயிவிலில் வாங்குவது அடிப்படையில் வணிகப் பட்டம் என்பதால், குதிரைத் தொழிலில் இடம் கிடைக்காவிட்டாலும் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வேறு பக்கம் திரும்பலாம். உதவித்தொகை கிடைத்தால் போகலாம் என்ற பட்டியலில் இதை வைப்பேன்.

வெளிநாட்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது பட்டமே இல்லாத இரண்டு. ஒன்று, அயர்லாந்தின் கில்டேரில் உள்ள அயர்லாந்து தேசியப் பண்ணையின் இனவிருத்திப் படிப்பு. சுமார் ஆறு மாதம், குட்டி போடும் பருவத்தில் அங்கேயே தங்கி வேலை. பூமியின் வட பாதி நாடுகளில் பந்தயக் குதிரைகளுக்கு வயது ஜனவரி 1-ந் தேதியில்தான் கூடும். சினைக் காலம் பதினோரு மாதம். அதனால் வருடத்தின் முதல் பாதியில் குட்டிகள் வரிசையாகப் பிறக்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். ஒரு பருவம் இரவுக் காவல் இருந்தவருக்குத் தெரிகிற விஷயம் மூன்று வருட வகுப்பில் தெரியாது. புனேயைச் சுற்றியும், கர்நாடகத்தின் குனிகல்லிலும், வடக்கிலும் உள்ள இந்தியப் பண்ணைகளுக்கு நேரடியாகப் பயன்படுகிற அனுபவம் இது. ஏற்கனவே குதிரைகளோடு வேலை பார்த்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்பதால் ப்ளஸ் டூ முடித்த கையோடு போக முடியாது.

இன்னொன்று காடால்ஃபின் ஃப்ளையிங் ஸ்டார்ட், பந்தயக் குதிரைத் தொழிலுக்கான பயிற்சித் திட்டம். 2003-ல் தொடங்கியது. உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்குப் பன்னிரண்டு பேர். இரண்டு வருடம் அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, துபாய் என்று சுற்றிச் சுற்றிப் பயிற்சி, செலவு நடத்துகிறவர்களுடையது. பன்னிரண்டு பேரில் ஒருவராவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்கக் காசு போகாது. பி.வி.எஸ்சி. முடித்து, கொஞ்சம் பண்ணை அனுபவமும் உள்ள ஒருவர் முயன்று பார்க்காமல் விடுவது எனக்குப் புரிவதில்லை.

யாருக்கு எது

உயிரியலில் ஆர்வமும் மதிப்பெண்ணும் இருந்தால் கால்நடை மருத்துவம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒருமுறை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருடம் முயல்வதும், வேறு மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய இடத்துக்கு நீட் எழுதுவதும் தகும். தனியார் கல்லூரிகள் உண்டு; பணம் கட்டுமுன் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மதிப்பெண் வராது, ஆனால் உடல் உழைப்புக்கு அஞ்சாத பிள்ளை என்றால்: உள்ளூரில் செலவு குறைந்த ஒரு பட்டம், விலங்கியலோ வணிகமோ எதுவானாலும் சரி, காலை வேளையில் லாயத்தில் வேலை, கூடவே லாடத் தொழில். மூன்றாம் வருட முடிவில் கையில் பட்டமும் தொழிலும் இரண்டும் இருக்கும். அதன்பின் அயர்லாந்துப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத நிறையவே இருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். ரேஸ்கோர்ஸ் லாயங்களில் இன்னும் ஆண்கள் ராஜ்ஜியம்தான். சவாரிப் பள்ளிகளிலும் மருத்துவத்திலும் அப்படி இல்லை. லாடத் தொழிலில் இங்கே பெண்களைப் பார்ப்பது அபூர்வம். இங்கிலாந்தில் பதிவு பெற்ற பெண் லாடக்காரர்கள் இருக்கிறார்கள்.

பணம் ஒரு பொருட்டில்லாத வீடு என்றால் ஹார்ட்பரி போகட்டும், சந்தோஷமாகப் படித்துவிட்டு வரட்டும்.

எதில் சேர்வதற்கு முன்பும், கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது ஒரு லாயத்தில் கூலி கேட்காமல் வேலைக்கு விடுங்கள். சவாரி வகுப்புக்கு அல்ல, வேலைக்கு. சாணம் அள்ளி, தீவனம் அளந்து வைத்து, ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிச் சுத்தம் செய்து, வெயில் ஏறும்முன் குதிரையை நடத்திக் கூட்டிவருகிற வேலை. சேர்க்கும்போது விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்டுவிடுங்கள், பல இடங்களில் இருக்காது. இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் பிள்ளை தானாக விடிகாலை எழுந்தால் மேலே சொன்ன வழிகளைப் பேசலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் ப்ளஸ் டூ முடிவுகளை ஒட்டி வந்துவிடும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, அரசுப் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.